ராமநாதபுரத்துக்கு நான்கு கதை தேர்ந்தெடுத்தவர்களுக்கு

மாவட்டவாரிச் சிறுகதைத் தொகுப்பின் தேர்வுக் குழுவினருக்கும் பதிப்பாசிரியருக்கும்,

உங்கள் தொகுப்பு மார்கழி நடுவில் என் கைக்கு வந்தது. யாராக இருந்தாலும் சொந்த ஊர்ப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள், நானும் அப்படித்தான். ராமநாதபுரம் பகுதியின் முகப்பில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற தரையின் படம், அதில் குடத்தோடு நடந்துபோகும் ஒரு பெண். அதன் கீழே உங்கள் அறிமுகக் குறிப்பு 'இந்த மண்ணுக்கு மழை ஒரு வதந்தி' என்று தொடங்குகிறது. அந்த வரியைப் படிக்கும்போது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ஏரியான கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் திண்ணை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ராஜசிங்கமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் தாத்தா ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் முங்கி, வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறந்து விட்டுவிட்டு மேலே வருவார். வந்ததும் கரையில் நிற்கிறவர்களிடம் முதலில் கேட்பது, 'கடைசி வயலுக்கு ஏறுமா?' என்றுதான். அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் உங்கள் முகப்புப் படத்தை லேசில் கடந்துபோக முடியவில்லை. உற்றுப் பார்த்தேன். படத்தின் வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. குறுக்கே ஒரு பலகைக்கல். அது மடை.

நீங்கள் வறண்ட நிலம் என்று போட்டிருப்பது ஒரு கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் உள்பக்கம். சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றிய பிறகு எடுத்த படம். அந்தப் பாளங்கள் வண்டல். மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி, அது கொண்டுவந்த களி படிந்து, பிறகு காய்ந்தால்தான் தரை அப்படி ஆழமாக வெடிக்கும். எங்கள் ஊரில் முன்பெல்லாம் அந்த வண்டலை வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போய் வயலில் கொட்டுவார்கள். அப்படி வற்றுவதற்கு முன்னால், முழங்கால் தண்ணீர் மிஞ்சியிருக்கும் ஒரு நாளில், பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சுற்றுப்பட்டு ஊர்களே உள்ளே இறங்கும். அன்று எல்லார் வீட்டிலும் விரால் குழம்பு. உங்கள் படத்தில் அந்தப் பெண் நடந்துபோகும் தரையில் சில வாரத்துக்கு முன்னால் இப்படி ஒரு காலை விடிந்திருக்கும்.

இனி கதைகளுக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்துக்கு நான்கு எடுத்திருக்கிறீர்கள். இரண்டு, வறட்சியில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் கதை. ஒன்று அரிவாள் கதை. நான்காவது நல்ல கதைதான், ஆனால் அது நடப்பது அருப்புக்கோட்டைப் பக்கத்தில். பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டை இப்போது விருதுநகர் மாவட்டம். பழைய மாவட்டம் இருந்த காலத்தில் எழுதிய கதையில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருப்பதைப் பார்த்து எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். மண்ணும் வேறு, பேச்சும் வேறு. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு வலித்தது. வறட்சி என்று இருந்தால் அது ராமநாதபுரமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடலே இல்லை. மண்டபத்திலும் ஏர்வாடிப் பக்கத்திலும் கழுத்தளவு தண்ணீரில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் இல்லை. கீழக்கரை இல்லை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அந்த வள்ளலின் ஊர் அது. கொடைக்குப் பழமொழியான ஊர் இருக்கும் மாவட்டம், உங்கள் புத்தகத்தில் கையேந்தி மட்டுமே நிற்கிறது.

இதையெல்லாம்கூட விடுபட்டுப்போனது என்று நினைத்துப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. என்னிடம் பிளஸ் டூ வரை படித்த பெண் ஒருத்தி உங்கள் அறிவிப்பைப் பார்த்து ஒரு கதை அனுப்பியிருந்தாள். ஐப்பசி அடைமழையில் கண்மாய் உடையப் போகிற ஒரு ராத்திரி. ஊரே மண்மூட்டையும் பனைமட்டையுமாகக் கரையில் நிற்கிறது. ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீட்டார், உடைப்பு விழும் இடத்தில் தோளோடு தோளாக நிற்க வேண்டி வருகிறது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் விடியும் வரை மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்குகிறார்கள். டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னப் பெண்தான் கதையைச் சொல்கிறாள். படித்து முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நீங்கள் அனுப்பிய பதிலை அவள் என்னிடம் காட்டினாள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ராமநாதபுரத்தின் வட்டாரத்தன்மை இதில் இல்லை, வெள்ளம் கடலூர் பக்கத்துக்குப் பொருந்தும், வறட்சிப் பின்னணியில் மாற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டீச்சர், நான் பார்த்ததைத்தானே எழுதினேன்?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இதே கேள்வியின் மறுபக்கத்தை என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கொடுத்தேன். கார்த்திகை மாதம். ஜன்னலுக்கு வெளியே கண்மாய் கரை தொட்டு நின்றது, உள்வாயில் இருக்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு பையன் எழுதியிருந்தான்: 'எங்கள் ஊர் வறண்ட ஊர். எங்கு பார்த்தாலும் கானல் நீர் ஓடும். மக்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஏங்குவார்கள்.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "நேத்து சாயங்காலம் எங்கடா இருந்த?" "கண்மாயில குளிச்சேன் டீச்சர்." "அப்ப அத ஏன் எழுதல?" அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது கட்டுரைக்கு வராது டீச்சர்."

அவன் தலைமுடி அப்போதும் கண்மாய்த் தண்ணீரில் செம்பட்டை பாய்ந்திருந்தது. கண் முன்னால் இருப்பது எழுத்துக்கு வராது, எழுத்துக்கு என்று வேறு ஒரு ஊர் இருக்கிறது என்று அந்தப் பதினாலு வயதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான். நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாலைத் திணை நடத்தும்போது 'நம்ம மாவட்டம் மாதிரி' என்று எடுத்துக்காட்டுச் சொன்னவள் நான். இரண்டு மூன்று வருடம் அப்படிச் சொல்லியிருப்பேன். அதைத் திருத்திக்கொள்ள எனக்குப் பழைய புத்தகங்களே உதவின.

தமிழாசிரியர்களும் இருக்கும் உங்கள் குழுவுக்குத் தெரியாதது இல்லை. தொல்காப்பியம் காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் ஆக நான்கு நிலம் சொல்கிறது. பாலைக்கு என்று ஒரு நிலம் சொல்லவில்லை, நண்பகலும் வேனிலும் என்று பொழுதுதான் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்லும் இடத்தில் இன்னும் தெளிவாக வருகிறது:

'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்'

படிவம் கொள்ளும். சில மாதம் அந்த உருவத்தை எடுத்துக்கொள்ளும், மழை வந்தால் கழற்றி வைத்துவிடும். முன்னோர் ஒரு பருவத்துக்கு வைத்த பெயரை நீங்கள் எங்கள் நிரந்தர முகவரி ஆக்கிவிட்டீர்கள்.

எங்கள் ஊர் வருடம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஆவணி புரட்டாசியில் வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கி, புழுதி பறக்கும் வெறும் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் புழுதிக்குள் நெல் கிடக்கிறது. புழுதி விதைப்பு என்று பெயர். மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்து, உழுது மூடிவிட்டுக் காத்திருப்போம். எறும்புக்கும் குருவிக்கும் போக மிச்சம் உள்ளே இருக்கும். என் அப்பா வயல் வரப்பில் நடக்கும்போது கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறி ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். சத்தம் வந்தால் 'சரி, உசுரோட இருக்கு' என்பார். முதல் மழை விழுந்து சில நாளில் அந்தக் காடு முழுக்கப் பச்சை ஊசி குத்தி நிற்கும். தை மாசியில் அறுவடை. அப்புறம் சில வயல்களில் பருத்தி. பங்குனியில் ரோட்டோரமெல்லாம் முண்டு மிளகாய் சிவப்பாகக் காயும், பஸ்ஸில் போகிறவர்களுக்கே தும்மல் வரும். அந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மாவட்டத்தில் அதிகம் விளைவது நெல் என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்புவதில்லை. ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விதைக்கிறோம்.

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு: 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்'. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாத அகலம், தண்ணீர் போக நாற்பத்தெட்டு மடை. இதுவும் இலக்கியம்தான். எழுதியவர் பெயர் இல்லை என்பதால் உங்கள் கணக்கில் வராமல் போகலாம். ஆனால் 'தண்ணியில்லாக் காடு' என்ற சொல்லுக்கும் எழுதியவர் பெயர் கிடையாது, அது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கு ராம்சார் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. 2022-ல் அதில் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சேர்ந்தன. 2025-ல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும். மன்னார் வளைகுடா தனி. நான்கு கண்மாய்ப் பறவைகள் சரணாலயம் ஒரே மாவட்டத்திலிருந்து. கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் மஞ்சள்மூக்கு நாரையும் வருடா வருடம் அங்கே கூடு கட்ட வருகின்றன.

வறட்சியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் அம்மாவுக்கே துரோகம் செய்தவள் ஆவேன். ஆறு குடம் அடுக்கிய தள்ளுவண்டியை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. மழை பொய்த்த வருடத்தில் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள்தான் நின்றுகொண்டு போகிறார்கள். நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு வறட்சிக் கதைகளிலும் ஒரு பொய் வார்த்தை இல்லை. அவற்றை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது, ஏன் வறண்டது என்ற கேள்வி எங்கே போயிற்று என்றுதான். சிலப்பதிகாரம் 'முறைமையின் திரிந்து' என்கிறது. முறை தவறினால் பாலை. எங்கள் ஊரில் எந்த முறை தவறியது என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனது, சில இடத்தில் அதன் மேல் கட்டடமே நிற்கிறது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். மடைக்கல் பெயர்ந்து கிடக்கிறது. வைகைத் தண்ணீர் எங்கள் பங்குக்கு வந்து சேர்வதற்குள் தை முடிந்துவிடுகிறது. இது மனிதர்கள் விட்ட குறை, மனிதர்கள் சரிசெய்யலாம். 'இந்த மண்ணின் இயல்பே வறட்சி' என்று எழுதிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். தூர் வாராத கண்மாய்க்கு யாரும் பொறுப்பில்லை, அது விதி ஆகிவிடும்.

புறநானூற்றில் ஒரு பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறார்: நிலம் பள்ளமாக இருக்கும் இடத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்தவர்தான் உலகத்தில் தம் பெயரை நிறுத்தி வைத்தவர். அரசனைப் பார்த்து, நீ கண்மாய் வெட்டு என்று சொல்லும் பாட்டு அது. வைகையைப் பற்றியும் ஒரு பழைய தனிப்பாடல் இருக்கிறது. சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி என்று கடலை வெறுத்து, அதனுள் புகாமல் நின்றுவிட்ட ஆறாம் வைகை. எனக்கு மிகவும் பிடித்த கற்பனை. அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை அதைவிடப் பிடிக்கும். ஆற்றின் தண்ணீரைக் கண்மாய் கண்மாயாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய், கடலுக்கு என்று பெரிதாக மிச்சம் இல்லை. பாண்டிய நாட்டுக்கு இப்படியும் ஓர் இலக்கியம் இருக்கும்போது வெடித்த தரையை மட்டும் ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?

புத்தகத்தில் இருப்பது புத்தகத்தோடு போகாது என்பதற்கு என் வேலையே சாட்சி. எங்கள் பள்ளிக்கு வரும் புது ஆசிரியர்கள் முதல் நாள் கேட்பது, 'இங்க குடிக்கத் தண்ணி கிடைக்குமா?' அடுத்த மாற்றல் கலந்தாய்வு எப்போது என்பது இரண்டாவது கேள்வி. ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று அவர்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு முறை கணக்குப் பாடத்துக்கு ஒன்றரை வருடம் ஆள் இல்லை. என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்கள். 2016-ல் கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது வெளியூர்த் தோழி ஒருத்தி, 'நல்லதுதானே, சும்மா கிடக்கிற நிலம்தானே' என்றாள். சூரிய மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. 'சும்மா கிடக்கிற நிலம்' என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? அறுப்பு முடிந்த காட்டில் கிடை போட்டு, தஞ்சாவூர் வரைக்கும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பும் கீதாரிகளை அவள் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

உங்கள் தொகுப்பு வரும் கல்வியாண்டில் கல்லூரிப் பாடமாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். எந்த ஊரையும் பார்க்காத பிள்ளைகள் உங்கள் புத்தகத்தின் வழியாகத்தான் எங்கள் ஊரைப் பார்க்கப்போகிறார்கள். அவர்களில் சிலர் நாளைக்கு எங்கள் ஊருக்கே அதிகாரியாக வருவார்கள்.

பாடப்பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

'மழை ஒரு வதந்தி' என்ற வரியை நீக்குங்கள். அறிமுகக் குறிப்பைப் புதிதாக எழுதுங்கள், அதில் கண்மாய் என்ற சொல் வர வேண்டும். முகப்புப் படம் இருக்கட்டும். அதே இடத்தில், அந்த மடைத்தூண் தெரிகிற மாதிரி நின்று, மார்கழியில் எடுத்த படம் ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள், இரண்டின் கீழும் மாதத்தை எழுதுங்கள். அருப்புக்கோட்டைக் கதையை விருதுநகர் பகுதிக்கு மாற்றுங்கள். காலியாகும் இடத்துக்கு என் மாணவியின் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். என் மாணவி என்பதற்காகக் கேட்கவில்லை, தரம் இல்லை என்று தோன்றினால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் வறட்சி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள். அந்தப் பழைய கடிதம் தவறு என்று அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். கடலோரத்திலிருந்து ஒரு கதையாவது சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் அறிவிப்புக் கொடுத்துக் கேளுங்கள், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் குழுவிலிருந்து யாராவது ஒருவர் வரும் கார்த்திகைக் கடைசியில் இங்கே வந்து இரண்டு நாள் தங்க வேண்டும். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ராஜசிங்கமங்கலத்துக்குப் பஸ் இருக்கிறது, மீதித் தூரத்துக்கு என் தம்பி வண்டி கொண்டுவருவான். காலையில் கரை மேல் நடந்துவிட்டுப் பத்து மணிக்கு என் வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எது கட்டுரைக்கு வரும் என்பதை அவர்களுக்கு நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ராஜசிங்கமங்கலம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.